சேவை செய்யப் போன இடத்தில் விருந்தாளி

ஆட்குறைப்பு என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிய அடுத்த மாதமே மலேசியாவுக்குக் கிளம்பினேன். திருச்சியில் சும்மா இருந்தால் பார்ப்பவரெல்லாம் "அடுத்து என்ன?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். அதற்கு எங்காவது போய் நாலு பேருக்குச் சோறு கட்டிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. யாருக்காவது நான் தேவைப்பட வேண்டும், அவ்வளவுதான்.

கோலசிலாங்கூர் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் தனியாக வாழும் முதியவர்களுக்கு ஒரு சிறு குழு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறது. தோழி மூலம் கேட்டேன், வரச் சொன்னார்கள்.

திருச்சியிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூர் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர், பேருந்துக்கு எட்டு வெள்ளி, அதாவது எட்டு ரிங்கிட், கொடுத்தேன். குழுவின் வேனை ஓட்டும் ரவி அண்ணன் நிலையத்தில் காத்திருந்தார்.

"ஊர்லேர்ந்து வந்துட்டீங்களா? பசியாறியாச்சா?"

அவர்களுக்கு ஊர் என்றால் இந்தியா. பசியாறுவது காலை உணவு. பேச்சின் நடுவே செல்லமாக ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். ஆயிற்று என்றேன். அது காதில் விழாதவர் மாதிரி நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் இரண்டு வாங்கி முன்னால் வைத்தார்.

"லீவு எத்தன நாளு?"

"ரெண்டு வாரம்" என்றேன். வேலை போன கதையைச் சாலையோரக் கடையில் ஆரம்பிக்க யாருக்கு மனம் வரும்?

ஜெராம் சாலையை ஒட்டிய குழுவின் சமையற்கூடத்தை நடத்துபவர் மேரி அக்கா. அறுபது வயதிருக்கும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். மறுநாள் காலை நான் கத்தியை எடுத்ததும் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க மா. லீவுல வந்து ஏன் கஷ்டப்படுறீங்க?"

வாரம் முழுக்க இதே கூத்துதான். ஒருநாள் கடலோர ஜெராமில் மீன் சாப்பாடு, இன்னொரு நாள் குன்றின் மேல் குரங்குகள், அப்புறம் படகில் மின்மினி. வீட்டுக்கு வீடு அழைத்து மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் போட்டார்கள். அன்பில் குறையில்லை, எனக்குத்தான் குழம்பிப்போனது. அலுவலகத்தில் கணக்கைத் தீர்த்து வேண்டாம் என்றார்கள். இங்கே சோறு போட்டு வேண்டாம் என்கிறார்களா? வெங்காயம் உரிக்கக்கூட லாயக்கில்லாதவளா நான்?

இரண்டாம் வாரம் பொறுக்க முடியாமல் சமையற்கூடத்தில் எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டேன். "அக்கா, நான் லீவுல வரல. எனக்கு வேலையே போயிடுச்சு."

அடுத்து அனுதாபம்தான் வரும் என்று பயந்தேன். மேரி அக்கா முறைத்தது ரவி அண்ணனை.

"லீவுன்னுதான லா சொன்ன? லீவுல வந்தவங்கள யாராச்சும் வேல வாங்குவாங்களா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மொத நாளே சொல்லியிருக்கலாம்ல? இந்தா, வெங்காயம்."

ஒரு மூட்டை. கண்ணீர் வர அந்தக் காரணமே போதுமானதாக இருந்தது.

மறுநாள் சாம்பார் பொட்டலம் கட்டும் வேலை. லயத்து வாசலில் ரவி அண்ணன் வேன் கதவைத் திறந்தால் தரையெல்லாம் சாம்பார். கடைசி வீட்டுத் தாத்தாவுக்கு ரசமும் சோறும்தான் மிஞ்சியது. திரும்பியதும் மேரி அக்கா போட்ட சத்தம் தூரத்து ரவாங் நகரம் வரை கேட்டிருக்கும்.

"யாரு லா இத கட்டுனது? தெரியலன்னா கேக்கணும்! அந்தப் பெரியவரு நாளெல்லாம் இதத்தான எதிர்பாத்துக்கிட்டு இருக்காரு?"

பையின் வாயை முறுக்கிக் காற்றோடு சேர்த்து ரப்பர் போட அவரே காட்டினார். தாத்தாவை நினைத்து வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக வரும் என்று இன்னும் புரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சுற்றுலாப் பயணியாகப் போய்ச் சேவை செய்ய அனுமதி உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். தோட்டங்களுக்குப் பேருந்து கிடையாது, குழுவின் வண்டியை நம்பித்தான் இருக்க வேண்டும். பருத்தி உடை போதும், குடை அவசியம். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், ஒரு வாரம் மிச்சமாகும்.

கிளம்பிய அன்று மேரி அக்கா நன்றியெல்லாம் சொல்லவில்லை. சாம்பார்ச் சட்டியைப் பார்த்தபடி, "நாளைக்கு யாரு லா பொட்டலம் கட்டுறது?" என்றார், கொஞ்சம் கோபமாகவே. பதினொரு வருடம் உழைத்த அலுவலகத்தை விட்டு நான் வெளியே வந்தபோது, அங்கே ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.