சமமாக இறங்கிய மாலை

வலது கை சம்பங்கியை எடுத்து வைக்க, இடது கை நாரைச் சுற்றி இழுத்து இறுக்கியது. நடுநடுவே ரோஜா, ஓரத்துக்கு மருக்கொழுந்து. இன்று அந்தக் கைகளுக்குத் தனி ஓட்டம்.

"ஸ்கேனுக்கு வரமாட்டேன்னு காலையில கட்டிலப் பிடிச்சுக்கிட்டு இருந்த ஆளா இது?" என்றாள் நாகஜோதி.

அவள் புருஷன் பொன்னுத்துரை சிரித்தார். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவர். பூ ஏறுமுன் வெறும் நாரைத் தன் கழுத்தில் போட்டு, நடுவை அளந்து, அதன்பிறகுதான் கட்டுவார். போன வருஷம் இடது கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பெடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேனைக் காட்டி, வலது குழாயில் ரத்தம் அதிவேகமாகப் பாய்கிறது, அங்கேயும் அடைப்பு இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து வலது பக்கம் நார்கூடப் படவிடாமல், தலையைச் சாய்த்துக்கொண்டே அளந்தார். தையல் போட்ட இடதுதான் கெட்டி என்பது அவர் எண்ணம். கட்டிய மாலையெல்லாம் ஒரு பக்கம் இறங்கின. இன்னொரு ஆபரேஷன் என்றால் தொழிலையே விட்டுவிடுவதாக இருந்தார்.

இன்று காலை டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலது பக்கம் வேகம் நல்லாக் குறைஞ்சிருக்கு. இடது அடைச்சிருந்தப்ப அதோட வேலையையும் வலதுதான் சேத்துப் பாத்திருக்கு. அதான் அந்த ஓட்டம். இப்ப இடது திறந்துடுச்சு, இது நிதானமாயிடுச்சு. கொஞ்சம் கொழுப்புப் படிஞ்சிருக்கு, ஆபரேஷன் வேண்டாம். மாத்திரைய விடாதீங்க, வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வாங்க."

"நார் போட்டு அளக்கலாங்களா?"

"தாராளமா. முடிவெட்டுற கடையில கழுத்த நெட்டி முறிக்க மட்டும் விட்ராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் நாரை எடுத்துக் கழுத்தில் போட்டார், இரண்டு பக்கமும்.

பொழுது சாய, நாளைய மாப்பிள்ளை பிராங்க்ளினே மாலை வாங்க வீடு தேடி வந்துவிட்டான். "அண்ணே, எங்கக்கா கல்யாணத்துல உங்க மாலைய போட்டுக்கிட்டு மச்சான், பஸ் வருதான்னு எட்டிப் பாக்குற மாதிரி போட்டோவுல நிக்கிறாரு. எனக்கும் அப்படித்தானா?"

"ஏலே, உனக்கு நிமிந்து நிக்கிற மாலை."

கடைசி முடிச்சை இறுக்கி, மாலையைக் கொக்கியில் மாட்டினார். இரண்டு குஞ்சமும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன. நாகஜோதி குனிந்து பார்த்து, "பரவாயில்ல, பொண்ணு தப்பிச்சா," என்றாள்.

பொன்னுத்துரை தண்ணீர் தெளித்து, வாழை இலையில் சுற்றி, பிராங்க்ளின் கையில் கொடுத்தார்.