வெள்ளைச் சுவரும் வயரில்லாத கண்ணாடியும்

கிருஷாந்தி நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயமொன்றில் பிறந்து, படித்து, கொழும்புக்கு வேலைக்குப் போனவள். ஆறே பேர் இருந்த சின்னக் கம்பெனி அது. வயரோ கணினியோ இல்லாமல், தலையில் மாட்டியதும் வேறோர் உலகத்துக்குள் நடக்கவிடும் மெய்நிகர்க் கண்ணாடியை நாலு வருசமாகச் செய்துகொண்டிருந்தார்கள். மாட்டியவர் எங்கே நிற்கிறார் என்பதை, கண்ணாடியிலுள்ள கமராக்கள் அறையைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பாகம் கிருஷாந்தியின் பொறுப்பு.

அம்மா வேலாயிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. பார்க்க வேறு ஆளில்லை. ஒரு கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை, பணம் போடக்கூடிய வெளிநாட்டுக்காரர்கள் கொழும்பு ஹோட்டலொன்றில் அதைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

லயத்துக் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு கறைகூட இல்லாத வெள்ளைச் சுவரில் கமராக்கள் திணறின. உள்ளே தெரிந்த உலகம் மெல்ல மெல்ல நழுவியது. பழைய பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்டினால் நின்றது, பிய்த்தால் மறுபடி நழுவியது. மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை, அம்மாவின் கட்டில் இருக்கும் இடத்தைக் கண்ணாடிக்குள் சிவப்புக் கோடாகக் குறித்துவிட்டு நடந்தாள். கோடு இன்னும் நாலடி தள்ளித்தான் தெரிந்தது. முழங்கால் எதிலோ இடித்தது. கழற்றிப் பார்த்தாள். கட்டிலோரத்து ஸ்டூலிலிருந்த கேத்தல் கவிழ்ந்து, கொதிதண்ணீர் அம்மாவின் வலது காலில் ஆவி பறக்க வழிந்துகொண்டிருந்தது. வேலாயி முனகக்கூட இல்லை. அந்தக் காலில் அவளுக்கு உணர்ச்சியே இல்லை. மகளின் முகத்தைப் பார்த்துத்தான் மிரண்டாள்.

"ஐயோ அம்மா, நானே சுட்டுப்புட்டேனே!"

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வார்டு வாசலில் நின்று, கம்பெனியை நடத்தும் மதுரனுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணா, இத இப்பிடியே காட்டாதீங்க. இடம் தெரியலன்னா அதுவாவே படத்த நிப்பாட்டி வெளிய இருக்கிற ரூம காட்டணும். அத நான் எழுதுறேன்."

"அந்த ஹோட்டல் ரூமும் வெள்ளைதான் கிருஷாந்தி. நடுவுல படம் நின்னா நம்ம கத முடிஞ்சிச்சு. அந்த ஒரு நாள் மட்டும் பொறுங்களேன்."

"அம்மா கால் தோலு துணியோட உரிஞ்சு வந்திருச்சுண்ணா."

சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

அன்றிரவு வார்டு வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து மடிக்கணினியில் அதை எழுதி அனுப்பினாள். மதுரன் அதைப் போட்டுத்தான் காட்டினான். வெள்ளிக்கிழமை மூன்று தடவை படம் நின்றது. வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை கம்பெனியை மூடிவிட்டார்கள்.

செய்தி வந்தபோது கிருஷாந்தி அம்மாவின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். புண்ணைத் திறந்து போட்டுவிட்டு அழவும் முடியவில்லை. "வலிக்குதாம்மா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வேலாயி இடது கையால் போர்வையை இழுத்து, மகள் பார்க்காதபடி அந்தக் காலை மூடினாள்.