மீனுக்குக் குளிர், கீழ்வீட்டில் மழை

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு ஓனர் கன்னியப்பன் தன் தறிக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கொண்டிருந்தார். மழைக்கு.

வெளியே எப்படிப்பட்ட வெயில் தெரியுமா? செருப்பில்லாமல் வாசலில் ஒரு காலை வைத்தால் அடுத்த காலை வைக்க மனசு வராது. பிள்ளையார்பாளையமே காய்கிறது... எங்கள் கீழ்வீட்டில் மட்டும் கூரையிலிருந்து சொட்டுகிறது! தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா கன்னியப்பா, உனுக்கு மட்டும் தனியா மழையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நானும் மாடிப்படியில் நின்று பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அந்த மழைக்குக் காரணம் யார் என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான்தான். சரியாகச் சொன்னால், என் மீன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வாராவாரம் படிக்கிற உங்களுக்கே அது தெரியும். பிரஷர் பார்த்த டாக்டர் சொன்னார் — "ஒரு மீன் தொட்டி வாங்கி வைங்க மேடம். தினம் பத்து நிமிஷம் பாருங்க, மனசு அமைதியாகும்." அமைதியாம்! அந்த டாக்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சென்னையில் ஒரு கடையில், கடல் மீன்கள் இருக்கும் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு மீனைப் பார்த்தேன். உடம்பெல்லாம் நல்ல சிவப்பு, குறுக்கே நீல வரி. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். "வளக்கறது ஈசிதான் மேடம்" என்றார் கடைக்காரர். சின்னத் தொட்டி, கடல் உப்பு, ஃபில்டர் எல்லாம் வந்து இறங்கின. ஒரு மாதம் தண்ணீரைப் பக்குவப்படுத்திவிட்டுத்தான் மீனை வாங்கி வந்து விட்டேன்.

நாலாம் நாள் அது மூலையில் ஒதுங்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. பதறிப்போய், மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டேன். பதில் வந்தது: "இது குளிர்ந்த கடல் மீன். உங்கள் ஊர்ச் சூட்டில் மெதுவாக வெந்துகொண்டிருக்கிறது."

வெந்துகொண்டிருக்கிறதா! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு மிதக்கவிட்டு எடுத்தேன். அந்த வாரமே சில்லர் வந்தது. தண்ணீரைப் பதினாறு டிகிரியில் வைத்திருக்கும் மெஷின் அது. தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டையெல்லாம் ஹாலுக்குள் ஊதும். "மீனுக்கு ஏசி, நமக்கு ஹீட்டரா?" என்றார் என் கணவர்.

ஆனால் மீன் பிழைத்துக்கொண்டது. மூலையை விட்டு வெளியே வந்து, கல்லின் மேல் உட்கார்ந்து, என்னை முறைத்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

சரி... ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்குமா, வியர்க்காதா? தொட்டியும் வியர்த்தது. கண்ணாடியில் பூத்து, வழிந்து, தரையில் ஓடியது. துண்டு போட்டேன்; துண்டு ஊறிவிட்டது. கன்னியப்பன் ஷீட் கட்டியதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில்தான் துண்டுக்கு அடியில், தரையில் ஒரு விரிசல் இருப்பதைப் பார்த்தேன். ஒயிட் சிமெண்ட் அப்பினேன். தண்ணீர் பக்கத்திலேயே வேறு வழி பார்த்துக்கொண்டது.

அந்த இடத்துக்கு நேர் கீழேதான் கன்னியப்பனின் தறி. தறியில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஒரு முகூர்த்தப் புடவை. சந்தன நிறத்தில் உடல், அரக்கில் கரை. கரையில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், சாயம் சந்தனத்தில் இறங்கிவிடும். அப்புறம் அந்தப் புடவையை யார் வாங்குவார்கள்?

தறியை நகர்த்தலாமே என்பீர்கள். தரையில் பள்ளம் தோண்டிப் பதித்த குழித்தறியை எங்கே நகர்த்துவது? தொட்டியை? அத்தனை தண்ணீரையும் வடித்துத்தான் தூக்க வேண்டும். இப்போதுதான் தேறியிருக்கும் மீன் அதைத் தாங்காது என்றது குரூப்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே கன்னியப்பனின் மனைவி வசந்தா மேலே வந்தாள். "அக்கா, எங்கனா தண்ணி ஒழுவிக்கினு இருக்குதா?" தொட்டியையும் பார்த்தாள். அது விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஒழுகுகிற தொட்டி அப்படியா இருக்கும்?

"இல்லையே வசந்தா... பைப்பா இருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் சில்லரை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் மீன் செத்துப்போகும். அந்த நிமிஷம் தலைக்குள் ஓடியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பிளம்பர் வந்தார். கூரையில் சொட்டியதைத் தொட்டு நாக்கில் வைத்தார். "நம்ம குழாத் தண்ணி உப்புக் கரிக்கும். இது மழத்தண்ணி மாதிரி இருக்குதுபா" என்று குழம்பினார். குழம்பியவர் சும்மா இருந்தாரா? எங்கள் மாடி பாத்ரூம் தரையை உடைத்தார். பைப் நன்றாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை சுவரை உடைத்தார். நான் ஹாலுக்கும் பாத்ரூமுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்... வாய் மட்டும் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை கீழே போனபோது பார்த்தேன். பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில், அந்தப் புழுக்கத்தில், சட்டையில்லாமல் நெய்துகொண்டிருந்தார் கன்னியப்பன். குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை ஒரு தடவை தள்ளுகிறார். ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறார். தள்ளுகிறார்; பார்க்கிறார். எனக்குத் தாங்கவில்லை.

"பைப் இல்லண்ணா. என் மீன் தொட்டிதான். சனிக்கிழமையே எனக்குத் தெரியும்."

வசந்தா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "மூணு நாளா ஊட்ட ஒடச்சிக்கினு இருக்கறோம். நீ மேல நின்னு வேடிக்க பாத்துக்கினு இருந்தியா? சொல்லியிருந்தா இன்னா, ஒம் மீன எடுத்துக் கொழம்பா வெச்சிடப் போறோம்?"

'அக்கா' போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. இரண்டும் போனது எனக்கு வேண்டியதுதான். அவமானமாக இருந்தது. மேலே ஓடிவந்து சில்லர் சுவிட்சில் கை வைத்தேன். பின்னாலேயே கன்னியப்பன் வந்துவிட்டார்.

"ஆஃப் பண்ணா இன்னாம்மா ஆவும்?"

"ரெண்டு நாள் கூடத் தாங்காதுண்ணா."

அவர் குனிந்து மீனைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துவிட்டு, மறுபடி எவ்வளவு நேரத்தில் பூக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். "அர மணிக்கு ஒரு தபா தொடச்சா எறங்காது" என்றார். "பொடவ முடிய பத்து நாளு ஆவும். அதுவரைக்கும் நீ தொடச்சிக்கினே இரு. ஒரு சொட்டு கீழ வந்துதுன்னா, நானே வந்து சுவிட்ச அமுத்திடுவேன்."

இதை நான் சனிக்கிழமையே கேட்டிருக்கலாம். நாம் பாட்டுக்கு எதிராளியின் பதிலையும் சேர்த்து நாமே யோசித்து முடித்துவிடுகிறோம். அப்புறம் அந்தப் பதிலுக்குப் பயந்துகொண்டு பாத்ரூமை உடைக்கவிடுகிறோம்.

லீவு போட்டேன். உடைத்த இடத்தையெல்லாம் நாங்களே பூசிக்கொடுத்தோம். தொட்டிக்கு மூன்று பக்கம் தெர்மாகோல், வழிகிற இடத்தில் ஒரு தாம்பாளம். முன் கண்ணாடியைத் துடைத்தே ஆக வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் என் கணவருக்கு. மீனைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் இங்கே அச்சில் போட முடியாது.

பதினோராம் நாள் வசந்தா புடவையை மேலேயே கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள். ஒரு பொட்டுக் கறை இல்லை! "பாத்துக்கோக்கா" என்றாள். அக்கா திரும்பி வந்துவிட்டது. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும். கீழே தறிச் சத்தம். விழுந்தடித்து ஓடினேன்.

"அண்ணா, முடிஞ்சுடுச்சே?"

"ஒரு பொடவதான்மா முடிஞ்சுது" என்றார் கன்னியப்பன், நாடாவைத் தள்ளிக்கொண்டே. "தறியில ஏத்தன பாவு நூலு மூணு பொடவைக்கு. இன்னும் ரெண்டு இருக்குது."

இதை எழுதி முடிப்பதற்குள் ஆறு தடவை எழுந்துபோய்த் துடைத்துவிட்டு வந்தேன். இருங்கள்... ஏழு.