மடத்துப் பாற்கிடாரமும் மூன்று பேணிச் சாம்பலும்

நயினாதீவுத் தேருக்குப் போகிறவர்கள் அர்ச்சனைச் சாமான்களோடு போவார்கள். நான் இந்த ஆனி மாதம் மூன்று தகரப் பேணிச் சாம்பலோடு போனேன். மடத்தில் தொண்டு செய்யப் போக விரும்புகிறவர்கள் நம் வகுப்பிலும் சிலர் இருப்பதால், நடந்ததை நேரம், செலவு விவரத்தோடு நமது கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் என் சின்னம்மா. கோயிலுக்குப் பக்கத்திலுள்ள அன்னதான மடத்தில் திருவிழா முடியும்வரை பெரிய சமையல் கிடாரங்கள் கழுவும் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். இந்தத் தட்டுப்பாட்டில் கடைகளில் சவர்க்காரமும் இல்லை, பாத்திரம் கழுவும் தூளும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு சரியாகக் கழுவாத கிடாரத்தில் காய்ச்சிய பால் முழுவதும் திரைந்து, பாயாசம் வைக்க முடியாமல் போயிற்றாம். அதனால் மடத்துச் சமையலுக்குப் பொறுப்பான சபாரத்தினத்தார் இம்முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கிடாரம் சுத்தமில்லையென்றால் தேரன்று பாயாசமும் இல்லை, சின்னம்மாவுக்கு மடத்தில் வேலையும் இல்லை. சின்னம்மாவோ எல்லோருக்கும் முன்னால், "என்ர அக்கான்ர மகள் தூள் செய்யிறவள், கொண்டு வருவாள்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

தூள் செய்வது கடினமில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் பனைமட்டையும் தேங்காய்ப் பொச்சும் எரிந்த சாம்பலை இரண்டு மாதமாகச் சேர்த்து, மெல்லிய துணியில் மூன்று முறை அரித்தேன். பிழிந்த தேசிக்காயின் (எலுமிச்சையின்) தோலை ஐந்து நாள் வெயிலில் காயவைத்து உரலில் இடித்தேன். நான்கு பங்கு சாம்பலுக்கு ஒரு பங்கு தோல். எண்ணெய்ச் சட்டியில் போட்டுத் தேய்த்துப் பார்த்தபோது என் முகம் தெரிந்தது.

தேருக்கு முதல் நாள், என்னைக் கூட்டிப்போக வந்திருந்த சின்னம்மாவோடு மண்கும்பானில் காலை 6.10 பஸ்ஸில் ஏறினேன். ஆளுக்கு மூன்று ரூபா ஐம்பது சதம். என் மடியிலிருந்த பேணிகளைக் கண்டக்டர் விடவில்லை.

"என்ன தங்கச்சி, அரிசிமாவோ?"

"சாம்பல் அண்ணை."

"ஆரின்ர சாம்பல்? அதைக் கடலில கரைக்கக் கீரிமலைக்கெல்லோ கொண்டுபோக வேணும்! பஸ் மாறி ஏறிப்போட்டியள்."

பஸ் முழுவதும் சிரித்தது. சின்னம்மாதான் அதிகம் சிரித்தார். மடத்துவெளி தாண்டி, 7.05க்குக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து மோட்டர் வள்ளம், இரண்டு ரூபா, இருபது நிமிடம். (வலப்பக்கம் உட்காராதீர்கள். எனக்குச் சட்டை நனைந்தது. பேணிகள் நனையவில்லை.)

மடத்தின் சமையற் குசினி வாசலில் சபாரத்தினத்தார் நின்றார். முன்பு தெற்கே கடை வைத்திருந்தவர். எதையும் விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துத்தான் பேசுவார். தூளை விரலில் தேய்த்தார்.

"நல்ல மா மாதிரி இருக்கு. எந்த அடுப்புச் சாம்பல், பிள்ளை?"

"எங்கட வீட்டு அடுப்பு, ஐயா."

"வீட்டில மச்சம் மாமிசம் சமைக்கிறனீங்களோ?"

அந்தக் கேள்வியை நான் நினைத்தே பார்க்கவில்லை. சாம்பலில் உள்ள காரத்தைப் பற்றிப் படித்திருந்தேன். அந்த அடுப்பில் மீன் சட்டி ஏறியதைப் பற்றி யோசிக்கவில்லை. "கொடியேறின நாளிலயிருந்து மச்சமில்லை" என்றேன். அது உண்மைதான். சின்னம்மா மூச்சு விட்டார். ஆனால் சாம்பல் அதற்கு முந்தியது.

"ஆனா ஐயா, இது வைகாசிச் சாம்பல். அப்ப மீன் காய்ச்சினனாங்கள்."

சின்னம்மா என் காலை மிதித்தது அப்போதுதான்.

"அப்ப இது உள்ளுக்கு வர ஏலாது" என்று சொல்லி அவர் பேணிகளை வாசலிலேயே வைத்துவிட்டார். "பின்னேரம் அஞ்சு மணிக்குப் பால் வந்திடும். அதுக்கிடையில கிடாரம் எனக்குச் சுத்தமாய் வேணும்."

கிணற்றடியில் ஏழு கிடாரங்கள் சாம்பாரும் எண்ணெயும் காய்ந்துபோய்க் கிடந்தன. சின்னம்மா என்னைப் பார்த்து, "பொய் சொல்ல உனக்கு ஆரும் படிப்பிக்கேல்லையோ?" என்றார். பிறகு, "சரி, விடு. பொய் சொல்லியிருந்தால் எனக்கே பாயாசம் தொண்டைக்குள்ளால இறங்கியிராது" என்றார்.

மடத்து அடுப்புகளைப் பார்த்தேன். கொடியேறியதிலிருந்து சைவம் மட்டுமே சமைத்த அடுப்புகள். குசினிக்குப் பின்னால் அவற்றின் சாம்பல் என் இடுப்பளவு குவிந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், வருகிறவர்களுக்குக் கரைத்துக் கொடுத்த தேசிக்காய்களின் தோல்கள், ஒரு வாரத்தியது, வெயிலில் காய்ந்து கறுத்துக் கிடந்தன. அவர்களிடம் எல்லாம் இருந்தது. அரிப்பதற்கு ஆள்தான் இல்லை.

9.30 தொடக்கம் 1 மணிவரை பழைய வேட்டியில் அரித்தோம். கரியும் ஆணியும் சாம்பலோடு வந்தன. பழுதில்லாத தோலைப் பொறுக்கிக் கழுவி, மறுபடி காயவிட்டு இடித்தோம். என் தூளைப்போல மா மாதிரி இல்லை; கொஞ்சம் சொரசொரப்பு. தேங்காய்த் தும்பில் தொட்டுத் தேய்த்தபோது அந்தச் சொரசொரப்பே அடிப்பிடித்ததை எடுத்தது. அந்தக் கிணற்றின் உப்புச் சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் இருந்தாலும் நுரைத்திருக்காது. சாம்பலுக்கு நுரை தேவையில்லை.

நான்கு மணிக்குச் சபாரத்தினத்தார் வந்து பாற்கிடாரத்துக்குள் தலையை விட்டார்.

"தேசிக்காய் மணக்குது. பால் திரையும்."

நான் எண்ணெயை மட்டும் நினைத்துத் தூள் செய்திருந்தேன், பாலை நினைக்கவில்லை. புளிப்பு ஒட்டியிருந்தால் அவர் சொல்வது சரி. ஆனால் சாம்பலின் காரம் புளிப்பை முறிக்கும் என்பதும் சரி. "ஐயா, தோல் போடாத வெறும் சாம்பலால ஒருக்கால் தேய்ச்சு, மூண்டு தண்ணியில அலசித் தாறம். ஒரு செம்புப் பால் மட்டும் முதலில் காய்ச்சிப் பாருங்கோ."

"திரைஞ்சால்?"

"திரைஞ்சால் ஒரு செம்புதான்" என்றார் சின்னம்மா.

பால் வந்ததும் ஒரு செம்பு அளந்து கிடாரத்தில் ஊற்றினார்கள். அவ்வளவு பெரிய கிடாரத்தின் அடியில் அது ஒரு வெள்ளைப் பொட்டுப்போலத் தெரிந்தது. சின்னம்மா சாம்பலில் உரிந்த விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விளிம்பில் நுரை கட்டியது. பின் முழுவதும் பொங்கி எழுந்து, பொங்கியபடியே நின்றது. ஒரு திரள்கூட இல்லை. சபாரத்தினத்தார் அதை ஆற்றிக் குடித்துவிட்டு, "மிச்சப் பாலையும் ஊத்துங்கோ" என்று சமையற்காரரிடம் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தேருக்கு முதல் நாள் காலை வள்ளத்திலேயே போய்விடுங்கள். அதற்குப் பிறகு நிற்கவும் இடமிருக்காது. போக வர ஒருவருக்குப் பதினொரு ரூபா. குடிக்க நல்ல தண்ணீர் ஒரு போத்தல் வேண்டும். தூளை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அரிக்கும் துணியைக் கொண்டு போங்கள். எண்ணெய்ப் பாத்திரத்துக்குத் தோல் கலந்தது, பால் பாத்திரத்துக்குக் கடைசியில் வெறும் சாம்பல். கைக்கு இரவில் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பூசாமல் படுத்துவிட்டு மறுநாள் அழுதவள் சொல்கிறேன். இனி எதைச் செய்தாலும் அது எந்தக் குசினிக்குப் போகிறது என்பதை முதலில் கேட்பேன். அது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

தேரன்று பந்தி மூன்றரை மணிவரை நீண்டது. எங்கள் முறை வரும்போது பாயாசம் முடிந்துவிட்டது. இரண்டு பேர் தடியில் கோத்துத் தூக்கி வந்து, பாற்கிடாரத்தைக் கிணற்றடியில் எங்களுக்கு முன்னால் இறக்கினார்கள். உள்ளே ஒரு சவ்வரிசிகூட ஒட்டியிருக்கவில்லை. சின்னம்மா அதற்குள் எட்டிப் பார்த்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பிடி அந்தப் பக்கத்தை" என்றார்.