காப்புக் கட்டிய நாளில் விழுந்த ஏவுகணை

"ராக்கெட் வந்தா உங்க மாரியாத்தா என்ன பண்ணுவா டீச்சரம்மா? குடை பிடிப்பாளா?"

வளைகுடாத் துறைமுகத்தில் வேலை செய்யும் என் அண்ணன் போனில் கேட்டது இது. அங்கே போர் மூண்டிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதனால்தான் 'டீச்சரம்மா' என்ற கேலிப்பெயர்.

"நாளைக்குக் காப்புக் கட்டு. கவிச்சி தொடாத. அது போதும்" என்றேன்.

"மெஸ்ஸுல கோழி மட்டுந்தான் போடுவான். பட்டினி கிடக்கவா?"

சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசைவீடுகளுக்குப் பொதுவான மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால், திருவிழா முடியும்வரை வீட்டார் யாரும் கறி தொடமாட்டோம். எங்கே இருந்தாலும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் அந்த நாடு வான்வழியை மூடியது. மதியம் துறைமுகத்தில் ஏவுகணை விழுந்தது. பதிலடி உண்டு என்றார் ஒரு தலைவர். பேசத் தயார் என்றார் இன்னொருவர். தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் செய்தி படித்தேன். கொழுந்துக் கூடையை இறக்காமலே அம்மா கேட்டாள்.

"அண்ணன் இருக்கானா தாயி?"

அவன் பெயர் எந்த மொழிச் செய்தியிலும் இல்லை. அவனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன்; மணி அடிக்கவே இல்லை.

சாயங்காலம் கோயிலில் போய் நின்றேன். "ஆத்தா, அவன் குரல் கேட்கணும். கிண்டல் பண்ணினாலும் சரி." அவ்வளவுதான் வேண்டினேன். பூசாரி என் கையில் மஞ்சள் கயிறு கட்டினார்.

படி இறங்கும்போது போன் வந்தது.

"டீச்சரம்மா, தயிர்சோத்துக்காகப் பக்கத்து கேம்ப்புக்குப் போயிருந்தேன். எங்க மெஸ் இப்ப இல்ல."

அன்று இரவே தற்காலிகப் போர்நிறுத்தம் அறிவித்தார்கள். அதை நான் மறுநாள்தான் படித்தேன்.

அந்த மெஸ்ஸில் இருந்த இருவர் பிழைக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் கும்பிட்டிருப்பார்கள். இப்போது விளக்கு ஏற்றும்போது அந்த இருவருக்காகவும் ஏற்றுகிறேன். செய்தி பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோன சகோதரிகளே, வார்த்தை வராவிட்டாலும் அவள்முன் போய் நில்லுங்கள். அவளுக்குக் கேட்கும்.

வான்வழி திறந்துவிட்டது. அண்ணன் இன்று விமானத்தில் கொச்சிக்கு வருகிறான். இதைக் கொச்சி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடிமாலி தாண்டியாயிற்று. பையில் அண்ணனுக்கு ஒரு மஞ்சள் கயிறும், அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சோறும் இருக்கின்றன.