பதிவுக்கு வந்த அக்கா

விழுப்புரம் வலைப்பதிவர் சந்திப்புக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் மறுநாளே எழுதித் தள்ளிவிட்டார்கள். 'சந்திப்பில் நான் கற்ற ஐந்து பாடங்கள்', 'என்னைத் தட்டி எழுப்பிய ஒரு ஞாயிறு' என்று ஆளுக்கொரு தலைப்பு. நான் மட்டும் எழுதவில்லை. ஆரம்பிப்பேன், நாலு வரி ஓடும், எழுந்து போய் அடுப்பில் வைக்காத பாலைப் பார்த்துவிட்டு வருவேன், வந்து அந்த நாலு வரியையும் அழித்துவிடுவேன். இப்போதுதான் எழுத அனுமதி கிடைத்தது. அதை வாங்க ஒரு வருஷத்துக்குப் பக்கம் ஆயிற்று. யாருடைய அனுமதி என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவாள். திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிங் வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், தினமும் பஸ். அவ்வளவு நேரமும் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும், பக்கத்து சீட்டுக்காரர்கள் முறைப்பார்கள். காலுக்குப் பதில் கையாவது ஆடட்டும் என்றுதான் போனில் எழுத ஆரம்பித்தேன். பஸ்ஸில் பார்த்தது, கேட்டது, ஆபீஸில் நடந்த கூத்து எல்லாம். சொந்தப் பெயர் போடவில்லை. படிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரே ஒரு பதிவு மட்டும் பிய்த்துக்கொண்டு போயிற்று. அது என் அக்காவைப் பற்றியது.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஒலக்கூர் பக்கம் கட்டிக் கொடுத்தது. களை எடுக்க, நாற்று நட, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை பிடுங்க என்று வருஷம் முழுக்கக் கூலி வேலை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டு ஆட்களைத் தவிர அது யாருக்கும் தெரியாது, தெரியவிடவும் மாட்டாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "தம்பி, கண்ணாடி எடுத்தாரல, இது எந்தூரு போவுது?" என்பாள். ரேஷன் கடையில், "கண்ணாடி எடுத்தாரலப்பா, நீயே பாத்து சொல்லு" என்பாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. மல்லாட்டைச் செடிக்குள் கிடக்கிற தேளைப் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிடுகிற கண் அது.

இதைத்தான் எழுதினேன். கூடவே, அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனதால் கைக்குழந்தையாக இருந்த என்னைப் பார்த்துக்கொள்ள அவள் இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாள் என்றும் எழுதினேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். எழுதும்போது கை ஒரு நிமிஷமாவது தயங்கியிருக்க வேண்டாமா? தயங்கவில்லை. ஏன் தயங்கவில்லை என்று யோசிக்கவும் இல்லை. பாராட்டு வந்து குவிய, அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை வலைப்பதிவர் சந்திப்பு. நீங்களும் வந்து ஒரு பதிவைப் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆசை ஒரு பக்கம், முகம் தெரியாத கூட்டத்துக்குத் தனியாகப் போகிற கூச்சம் ஒரு பக்கம். நாலு நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அந்த வாரம் அக்கா வந்திருந்தாள், அவளிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"பதிவா? இன்னா பதிவு?"

"வலைப்பதிவுக்கா. எழுதறவங்க எல்லாம் ஒண்ணா வந்து..."

"பதிவுன்னா நானும் வர்றேன். போன தபா வீட்டுக்குப் பதிவு பண்ணாங்க, எனக்கு ஒருத்தியும் சொல்லல. எல்லாம் எழுதிக்கினு வந்தப்புறம் சொல்றாளுங்க."

எங்கள் பக்கம் பதிவு என்றால் அதுதான். நிலத்துக்குப் பதிவு, வேலைக்குப் பதிவு, வீடு கட்டுகிற திட்டத்துக்குப் பதிவு. பேரைக் கொடுத்துவிட்டு வந்தால் என்றைக்காவது ஏதாவது வரும். நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். துணைக்கு ஆள் கிடைத்ததே என்று தலையாட்டிவிட்டேன். படிக்க எடுத்து வைத்திருந்ததும் வேறு பதிவு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பவர்களைப் பற்றியது. அக்கா கேட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொங்கலுக்கு எடுத்த புடவையில் வந்து நின்றாள். கையில் மஞ்சப் பை. அதற்குள் ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், மூன்றுக்கும் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. மண்டபத்து வாசலில் மேசை போட்டுப் பேர் எழுதிக்கொண்டிருந்தவர் முன்னால் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினாள். அவர் போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இதெல்லாம் வேணாம்மா. பேரு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

"கண்ணாடி எடுத்தாரலப்பா. தோ, என் தங்கச்சி போடும்."

நான் எழுதினேன். "அம்மா எந்தப் பேர்ல எழுதறாங்க?" என்று அவர் கேட்டார். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது, "அவங்க எழுதறதில்லைங்க. வாசகர்" என்பது. அவர் சந்தோஷமாக ஓர் அட்டையில் 'வாசகர்' என்று பெரிதாக எழுதி, ஊக்கோடு நீட்டினார். அக்கா அதைப் புடவையில் குத்திக்கொண்டாள்.

"இதுல இன்னாடி போட்டுக்கிது?"

"விருந்தாளின்னு போட்டிருக்கு" என்றேன். அடுத்த நிமிஷமே எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை.

உள்ளே போனதும் அதையும் மறந்துவிட்டேன். பொய் சொல்வானேன், எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு குஷி. டோல்கேட்டில் லாரி வரிசையில் நிற்கும்போது எழுதுகிற ஒரு டிரைவர் வந்திருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, துணி ஊறுகிற நேரத்தில் எழுதுகிற ஒரு பெண் வந்திருந்தாள். நம்மைப் போலப் பைத்தியங்கள் இத்தனை பேரா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் ஒருவர் தலைப்பு எப்படி வைப்பது என்று பேசினார். இன்னொருவர் வளவள என்று இழுக்காமல் ஒன்று சொன்னார்: "யாரைப் பத்தி எழுதறீங்களோ, அவங்க உங்க எதிர்ல உக்காந்திருக்கறதா நெனச்சிக்கிட்டு எழுதுங்க." எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் அக்கா கொட்டாவி விட்டாள்.

"எப்படி பேரு கூப்புடுவாங்க? ஊரு ஊராவா?"

"இன்னும் நேரமாவும்க்கா."

"குந்திக் குந்தி பேஜாரா கீதுடி. கீழ சமைக்கிறாங்க போல, போய் ரெண்டு வெங்காயமாவது அரிஞ்சி குடுக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள். சும்மா உட்கார முடியாத வியாதி எங்கள் இரண்டு பேருக்கும் உண்டு.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். துண்டு போடுகிறவர்கள் பதிவை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். அமைப்பாளர் மைக்கைப் பிடித்து, "அந்த அக்கா பதிவை எழுதினவங்க இவங்கதான்" என்றார். அவ்வளவுதான், "அதையே படிங்க, அதையே படிங்க" என்று நாலா பக்கமும் குரல். அவர் கையில் அதன் அச்சுப் பிரதி தயாராக இருந்தது. நான் அக்காவின் நாற்காலியைப் பார்த்தேன். காலி. கீழே வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள், சாப்பாட்டுக்குத்தான் மேலே வருவாள் என்று கணக்குப் போட்டேன். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

படிக்கப் படிக்க அரங்கம் அப்படியே அடங்கியது. கண்ணாடி எடுத்தாரல என்ற இடத்தில் சிரித்தார்கள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. அந்த அமைதியில் ஒரு பவுசோடு தலையை நிமிர்த்தினேன். வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் ஒரு பெரிய தட்டைப் பிடித்திருந்தாள், தட்டு நிறைய மோர் டம்ளர்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். தலை சுற்றுகிறது, தொண்டை கட்டிவிட்டது என்று எதையாவது சொல்லி இறங்கியிருக்கலாம். முன்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்ணீர் எனக்கு வேண்டியிருந்தது. சீச்சீ, இதை எழுதும்போதே என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. கடைசி வரி வரைக்கும் படித்தேன். இரண்டாம் வகுப்போடு நின்ற கதையில் குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவும் விட்டேன்.

கைதட்டல் அடங்கியதும் அக்கா உள்ளே வந்தாள். வரிசை வரிசையாக, ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை நீட்டி மோர் கொடுத்தாள். நான் மேடையிலேயே நின்றேன், கால் ஆடக்கூட இல்லை. கண்ணைத் துடைத்த ஒரு அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு அவளிடமே, "பாவம்ங்க அந்த அக்கா, இல்ல?" என்றாள்.

"ஆமாங்க. பாவந்தான்" என்றாள் அக்கா.

எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். எப்போது பேர் கூப்பிடுவார்கள் என்று அதற்கப்புறம் கேட்கவில்லை.

நாலு மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டி ஏறினோம். மூன்று பேர் சீட்டு. ஜன்னல் ஓரம் நான், நடுவில் அக்கா, அந்தப் பக்கம் கழுத்தில் அடையாள அட்டையும் மடியில் சாப்பாட்டுப் பையுமாக வேலை முடிந்து போகிற ஒரு அம்மா. போனை எடுப்பேன், வைப்பேன். தண்ணீர் பாட்டிலைத் திறப்பேன், குடிக்காமல் மூடுவேன். அக்கா ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது.

"அதுல ஒண்ணு பொய்யி" என்றாள் கடைசியில், எதிர் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே.

"எதுக்கா?"

"உன்ன பாத்துக்கறதுக்காக நான் நின்னேன்னு எழுதிக்கிறியே, அது. நான் எங்க உனக்காக நின்னேன்? வாத்தியாரு கணுக்கால்லயே அடிச்சாரு. ஓடியாந்துட்டேன். மறுநாளு அம்மா தரதரன்னு இழுத்துக்கினு போச்சி. கொழந்தய இடுப்புல வச்சிக்கினா அனுப்ப மாட்டாங்கன்னு உன்னத் தூக்கி வச்சிக்கினேன். எறக்கவே இல்ல. நீதாண்டி எனக்கு சாக்கு. அம்மாதான் அப்புறம் கதய மாத்திச் சொல்லிச்சி. என்ன போயி தியாகி ஆக்கிக்கினு."

நான் அத்தனை பேரை அழவைத்த இடம் அதுதான்.

"அது போவட்டும். ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு பாப்பா" என்றாள். சின்ன வயசிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவது பாப்பா என்றுதான். "எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா, நீ இத எழுதியிருப்பியா?"

பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றது. மயிலம் போகிறவர்கள் இறங்கினார்கள், புது ஆட்கள் ஏறினார்கள், கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்து போனார். அத்தனை நேரமும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழுப்ப ஆயிரம் வார்த்தை எனக்குத் தெரியும், அதுதானே என் பிழைப்பு. ஆனால் வாயில் வந்தது ஒன்றுதான்.

"மாட்டேன்க்கா."

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. "தெரியும்" என்றாள். "அழி அத."

அழித்தேன். என் எழுத்திலேயே அதிகம் பேர் படித்தது அது. கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை என்று சொன்னால் அது அடுத்த பொய். அழித்துவிட்டு, அந்தப் பக்கத்தின் முகவரியைத் திரும்பத் திறந்து, "பாருக்கா, போயிடுச்சி" என்று போனைக் காட்டினேன்.

அக்கா போனைக் கையில் வாங்கினாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன சொன்னாலும் அவளுக்கு அது ஒரு வெள்ளைத் திரையும் நாலு கோடும்தான். காலையில் விருந்தாளி என்று சொன்னதுபோல இதையும் சொல்லலாம். அந்த அட்டையை அதற்குள் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டார்களா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அவள் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பி, போனைப் பக்கத்து சீட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

"எம்மா, எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. முன் சீட்டில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "இது என் தங்கச்சி. ஒண்ணத்த அழிச்சிட்டேன்னு சொல்லுது. நெசமா அழிஞ்சிடுச்சான்னு கொஞ்சம் பாத்து சொல்லும்மா."

அந்த அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை... அப்படின்னுதான்மா போட்டிருக்கு. அழிஞ்சிதான் இருக்கு."

"ரொம்ப நன்றிம்மா" என்றாள் அக்கா. போனை வாங்கி என் மடியில் வைத்தாள்.

ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்ததை, முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம், ஓடுகிற பஸ்ஸில் அவளே சொல்லிவிட்டாள். என்னை நம்புவதைவிட அது அவளுக்கு லேசாக இருந்திருக்கிறது.