நளினி அண்ணி பிடித்த கணுக்கால்

பெரிய ஆட்களோடு சம்பந்தப்பட்ட கதை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று உண்டு. சந்திரகிரிக் கோட்டையில் சினிமா எடுத்தபோது ஒரு கதாநாயகனுக்குக் குடை பிடித்தது எங்கள் அப்பா; நைனா என்றுதான் கூப்பிடுவோம். மழைச் சேற்றில் மாட்டிய மந்திரி காரைத் தள்ளிவிட்டவர்களில் என் அண்ணன் ரகுவும் ஒருவன். ஆனால் வீட்டுக்கு வருகிற யாரிடமும் அண்ணன் முதலில் சொல்வது தன் கதையை அல்ல, தன் மனைவி கதையைத்தான்.

"இந்தியா டீம் கேப்டனா இருந்துச்சே மோகனப்ரியா, அது கால புடிச்சிக் கவுத்தது யாரு தெரியுமா? இவதான்!"

நடந்தது சித்தூரில், பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடந்த கபடிப் போட்டியில். குடிபாலா அணிக்கு மோகனப்ரியா, நாராயணவனத்துக்கு நளினி அண்ணி. கடைசி ஆட்டத்தில் பாடி வந்த மோகனப்ரியாவின் கணுக்காலை அண்ணி பிடித்துவிட்டாள். நாராயணவனம் ஜெயித்தது. பிறகு மோகனப்ரியாவுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. அண்ணிக்கு உள்ளூரிலேயே என் அண்ணனோடு கல்யாணம் ஆனது. இப்போது ஸ்ரீ சிட்டியில் செல்போன் செய்கிற ஒரு கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறாள்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அண்ணன் மகள் ஹர்ஷினி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் மோகனப்ரியாவின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். அடுத்த மாதம் திருப்பதியில் ஒரு கபடி அரங்கத்தைத் திறந்துவைக்க வருகிறாராம். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "ஸ்கூல்ல ஆடறப்போ சித்தூர் ஜில்லால ஒருத்தர்கூட என்னைப் பிடிச்சதில்ல."

"அம்மா, அப்ப நைனா சொன்னதெல்லாம் கப்சாவா?" என்றாள் ஹர்ஷினி.

களி கிண்டிக்கொண்டிருந்த அண்ணி பேட்டியின் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"அது மறந்து பூட்டிருக்கும், வுடு" என்றான் அண்ணன்.

"நான் மறக்கலியே."

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். ஷிப்டு முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் அறுவடை முடிந்த கடலைக் கொல்லையைச் சுற்றி ஓடுவாள். அப்புறம் நாத்தனார் என்னையும் அண்ணனையும் பாடி வரச் சொல்லிக் காலைப் பிடிப்பாள். எனக்கு முழங்கை உரிந்தது. அண்ணன் நொண்டிக்கொண்டே, "எலும்பு ஒடிஞ்சா புத்தூர்ல நீயே கூட்டிக்கினு போய்க் கட்டுப் போடு" என்று கத்தினான். "போடறேன், இப்ப எழுந்து வா" என்றாள் அண்ணி.

திறப்பு விழாவுக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். கல்யாணம் காட்சிக்கெல்லாம் பட்டுப்புடவை கட்டுகிற அண்ணி அன்று சுடிதாரில் வந்தாள். மோகனப்ரியா புதுக் களத்தில் இறங்கி, குழந்தைகள் பிடிக்கப் பிடிக்கச் சிரித்துக்கொண்டே நழுவிப் போனார். "வேற யாரு?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், அண்ணி துப்பட்டாவை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

"அம்மா, பிள்ளைங்களுக்கு மட்டும்தான்" என்றார் மைக் வைத்திருந்தவர். மோகனப்ரியா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நாராயணவனம் நளினி. சித்தூர்ல உன் கால புடிச்சவ" என்றாள் அண்ணி.

"அப்டியா? எனக்கு நெனப்பே இல்லியேக்கா."

"சரி, பாடி வா."

மோகனப்ரியா வந்தார். கண்மூடித் திறப்பதற்குள் அண்ணியின் தோளைத் தட்டிவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஹர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொரு தடவ வா" என்றாள் அண்ணி.

இந்த முறை மோகனப்ரியா சிரிக்கவில்லை. இடதுபக்கம் போக்குக் காட்டி வலதுபக்கம் காலை நீட்டினார். அண்ணி ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி விழுந்து கணுக்காலை இரண்டு கையாலும் வளைத்தாள். மோகனப்ரியா குப்புற விழுந்து, அண்ணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டே நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தார். விரல் கோட்டைத் தொடவில்லை. "கபடி கபடி" என்ற பாட்டு தேய்ந்து நின்றது.

இரண்டு பேரும் மூச்சு வாங்க அங்கேயே கிடந்தார்கள். "முட்டிய ஊணிக்கினு புடிக்கிறவ... நீயா அது!" என்றார் மோகனப்ரியா. "அன்னிக்கு ஊருக்குப் போற வரைக்கும் பஸ்ல அழுதுக்கினே போனேன்."

"அப்புறம் ஏன் அப்டிப் பேட்டி குடுத்தே?"

"சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்க்கா." எழுந்து உட்கார்ந்தார். "மைக்ல சொல்லட்டா?"

"சொல்லு" என்றாள் அண்ணி.

சொன்னார். பள்ளிக்கூடப் பெயர், ஆட்டம், பிடித்தவள் பெயர் எல்லாம் சொன்னார். ஹர்ஷினி என் துப்பட்டா, தன் துப்பட்டா, அண்ணியின் துப்பட்டா மூன்றையும் சுழற்றிக் கத்தினாள்.

மறுநாள் பேப்பரில் வந்தது மோகனப்ரியா ரிப்பன் வெட்டும் படம் மட்டும்தான். அண்ணன் கொதித்தான். அண்ணிக்கு அதைப் பார்க்கக்கூட நேரமில்லை. வீங்கிய முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, கூட வேலை செய்யும் பெண்களுக்கு ஒவ்வொருத்தியாகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் கடலைக் கொல்லைக்கு வந்தார்கள். அணிக்கு ஏழாவது ஆள் வேண்டுமென்று அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முதல் பந்தயத்தில் கம்பெனியின் வேறு ஷிப்டுப் பெண்கள் எங்களைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, நான் எங்கே தப்பான காலைப் பிடித்தேன் என்று அண்ணி நாராயணவனம் வரைக்கும் விளக்கிக்கொண்டு வந்தாள்.